நான்கடிக்கு இரண்டடி

முழங்காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள், தம்பி. இதற்குள் இருப்பது கண்ணாடி. துணி சுற்றி, துணிக்கு மேல் சாக்கு சுற்றி, சாக்குக்கு மேல் சைக்கிள் டியூபால் ஆறு கட்டுப் போட்டிருக்கிறேன். இருந்தாலும் கண்ணாடி கண்ணாடிதான். நான்கடிக்கு இரண்டடி, ஐந்து மில்லிமீட்டர் கனம். நாலு மூலையும் தேய்த்து உருட்டியது, கையைக் கிழிக்காது. கண்டக்டர் இதற்கும் ஒரு டிக்கெட் போட்டுவிட்டார். போடட்டும். டிக்கெட் வாங்கிய பிறகு இது சாமான் இல்லை, பயணி. உங்களைத் தள்ளி உட்காரச் சொல்லும் உரிமை எனக்கு வந்துவிட்டது.

நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. இருபத்து மூன்று வருடம் நான்கு மாதம் ஒரு ரெக்கார்டிங் தியேட்டரில் இருந்தேன். சிவப்பு விளக்கு எரிந்தால் அங்கே யாரும் மூச்சு விடக் கூடாது. எனக்கு அது ரொம்ப வசதியாக இருந்தது. புதிதாகப் பாட வருகிறவர்களில் பாதிப் பேர் என்னை ஊமை என்று நினைத்துச் சைகையில் டீ கேட்பார்கள். நானும் சைகையிலேயே கொடுத்துவிடுவேன்.

நீங்களும் திண்டுக்கல்தானே? இரண்டு மணி நேரம் இருக்கிறது. கேட்டதால் சொல்கிறேன். கேட்கவில்லையா? கண்ணாடியைப் பார்த்தீர்களே, அது கேட்ட மாதிரிதான்.

திருச்சி தில்லைநகரில் குணசீலன் ரெக்கார்டிங் தியேட்டர். பக்திப் பாட்டு, ஜவுளிக்கடை விளம்பரம், தேர்தல் வந்தால் ஆட்டோவில் போட்டுக்கொண்டு போகிற பாட்டு, எல்லாம் அங்கே செய்வார்கள். இரண்டு அறை. ஒன்றில் பாடுவார்கள். மற்றதில் இன்ஜினியர் உட்கார்ந்து குரலையும் வாத்தியத்தையும் அளவாகச் சேர்ப்பார். சமையலில் உப்பும் புளியும் பார்க்கிற மாதிரி. அதற்கு மிக்சிங் என்று பெயர். அவருக்கு முன்னால் ஒரு தேக்கு மேஜை. மேஜையின் பின் ஓரத்தில் வலப்பக்கம் ஒரு ஸ்பீக்கர், இடப்பக்கம் ஒரு ஸ்பீக்கர். ஸ்பீக்கருக்கும் இன்ஜினியரின் நெஞ்சுக்கும் நடுவில் நான்கடிக்கு இரண்டடி இடம். அந்த நான்கடிக்கு இரண்டடிதான் என் பொறுப்பு. அறையில் மற்றதெல்லாம் மற்றவர்கள் பொறுப்பு.

நான் ஆறாவதோடு நின்றவன். ஆனால் எண்ணுவேன். எண்ணாமல் என்னால் இருக்க முடியாது. ஒரு நோட்டுப் போட்டு வைத்திருந்தேன், யாரும் போடச் சொல்லவில்லை. எந்தத் தேதியில் எந்தப் பாட்டு வெளியே போயிற்று, எது 'சரியில்லை' என்று திரும்பி வந்தது என்று எழுதுவேன். இதோ பையில் இருக்கிறது, பிறகு காட்டுகிறேன்.

முதலில் இருந்த இன்ஜினியர் இஸ்மாயில் பாய். பத்தொன்பது வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். தங்கமான மனிதர், ஒரே ஒரு குறை. மேஜைமேல் ஒரு பச்சைக் கம்பளித் துணி விரித்து வைத்திருப்பார். தடியான கம்பளி. தூசி என்றால் அப்படி ஒரு தூசி. தட்டப் போனால் கையைப் பிடித்துக்கொள்வார். "நல்லுசாமி, அத மட்டும் தொடாதப்பா. அதுதான் எனக்குச் சோறு போடுது" என்பார். கம்பளி எப்படிச் சோறு போடும்? வயதானால் ஒவ்வொருவருக்கும் ஒரு பிடிவாதம் வந்துவிடுகிறது. நல்லவேளை எனக்கு அப்படி ஒன்றும் இல்லை.

நாலு வருடத்துக்கு முன்னால் முதலாளி குணசீலன் ஐயா காலமானார். அதே மாதம் பாய் ஓய்வு வாங்கிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பெரியம்மா, அதாவது ஐயாவின் சம்சாரம், என்னைக் கூப்பிட்டு, "நல்லுசாமி, அவரு படம் அவரு உக்காந்து பாட்டுக் கேட்ட எடத்துலயே இருக்கணும்" என்றார்கள். எங்கே வைப்பது? அன்றைக்குத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. பச்சைக் கம்பளியை எடுத்துத் துவைத்து, மடித்து, என் வீட்டு டிரங்குப் பெட்டியில் போட்டேன். கடையில் நின்று இந்தக் கண்ணாடியை வெட்டி வாங்கினேன். மேஜைமேல் போட்டு, அடியில் நடுவில் ஐயா படம், வலப்பக்கம் சமயபுரத்தாள், இடப்பக்கம் வயலூர் முருகன், ஓரத்தில் ஒரு பாக்கெட் காலண்டர், மைக் ரிப்பேர்காரர் விலாச அட்டை. மொத்தம் ஐந்து உருப்படி. தாலுகா ஆபீசிலிருந்து டாக்டர் கிளினிக் வரை எல்லா மேஜையிலும் இருக்கிற வழக்கம்தானே. ஸ்டூடியோவில் மட்டும் ஏன் இல்லை என்று அதற்கு முன் யாருக்கும் தோன்றவில்லை.

அன்றிலிருந்து ஒரு நாளைக்கு மூன்று தடவை துடைப்பேன். ஈரத் துணியால் ஒரு முறை, பழைய பேப்பரால் ஒரு முறை. நாற்காலிப் பக்கம் நின்று குனிந்து பார்த்தால் இரண்டு ஸ்பீக்கரும் கண்ணாடிக்குள் தலைகீழாக முழுசாகத் தெரியும். ஸ்பீக்கரில் எழுதியிருக்கிற கம்பெனிப் பெயரைக்கூடப் படிக்கலாம். அப்படித் துடைப்பேன்.

பெரியம்மா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வந்து, கண்ணாடிமேல் ஐயா நெற்றி இருக்கிற இடத்தில் ஒரு முழம் மல்லிகை வைப்பார்கள். ஒரு வெள்ளிக்கிழமை அவர்கள் மகன், நாங்கள் சின்னவர் என்போம், என்னை வைத்துக்கொண்டே, "டீ போட மெஷின் வந்திருச்சும்மா. நல்லுசாமிண்ணனுக்கு இனிமே என்ன வேலை?" என்றார். பெரியம்மா கண்ணாடியைத் தொட்டு, "இந்தக் கண்ணாடி இங்க இருக்கற வரைக்கும் அவனும் இங்கதான் இருப்பான். புரியுதா?" என்றார்கள். சின்னவர் தலையை ஆட்டினார். அவ்வளவுதான், அந்தப் பேச்சு முடிந்தது.

ஆனால் பாருங்கள், கெட்ட காலம் என்பது ஒரு ஆளோடு போய்விடுவதில்லை. பாய் போன பிறகு ஸ்டூடியோவுக்கு ஒரு நல்ல இன்ஜினியர் கிடைக்கவில்லை. மூன்று வருடத்தில் நாலு பேர். எல்லாரும் படித்தவர்கள்தான். உள்ளே கேட்டால் பாட்டு அருமையாக இருக்கும். வெளியே காரில் போட்டால் குடத்துக்குள் தலையை விட்டுப் பாடுகிற மாதிரி இருக்கும். திரும்பி வரும். நான் எழுதுவேன். நாலாவது ஆள் ஒரு நாள் கண்ணாடியையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா துடைக்கறேனா சார்?" என்றேன், கூச்சத்தோடுதான். எழுந்து போய்விட்டார். மறுநாள் வேலைக்கு வரவில்லை.

ஐந்தாவதாக வந்தவள் ஜெசிந்தா. இந்தத் திண்டுக்கல் பெண்தான். சர்ச்சில் கீபோர்டு வாசித்துப் பழகி, சென்னையில் போய் ஒலிப்பதிவு படித்துவிட்டு வந்தவள். இருபத்தாறு வயது. வீட்டில் கல்யாணப் பேச்சைத் தள்ளிவைத்துவிட்டு, ஆறு மாதத்தில் இன்ஜினியர் நாற்காலி நிரந்தரமாகக் கிடைக்கும் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். சின்னவரும் அப்படித்தான் சொல்லியிருந்தார். ஒரு நிபந்தனை. சௌந்தரவல்லி டீச்சரின் பாட்டுகளைச் சரியாக முடித்துக் கொடுக்க வேண்டும்.

டீச்சர் யாரென்றால், உறையூரில் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்பது வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர், தன் குரல் என்று ஒரு பதிவுகூட இல்லை. அம்மன்மேல் பதினோரு பாட்டு அவரே எழுதி, அவரே பாடி வைத்தார். ஜெசிந்தா சேர்த்துக் கொடுத்தாள். மகனுடைய காரில் கேட்டுவிட்டு டீச்சர் திரும்பி வந்தார். சத்தம் போடவில்லை. "நான் இப்படியாம்மா பாடறேன்? மூக்கப் புடிச்சுக்கிட்டா?" என்று மட்டும் கேட்டார். பதினோரு பாட்டும் திரும்பிற்று. நான் எழுதிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அந்தப் பெண் செய்தது எனக்குப் பிடித்தது. அழவில்லை. அளக்கிற டேப் எடுத்தாள். "ஐயா, இந்த முனைய ஸ்பீக்கர்ல புடிங்க" என்றாள். அவள் காதுவரை அளந்தாள். பிறகு ஸ்பீக்கரிலிருந்து மேஜைக்கு, மேஜையிலிருந்து காதுக்கு என்று இன்னொரு தடவை அளந்தாள். இரண்டாவது அளவு ஒரு அடி ஒன்றேகால் அங்குலம் அதிகம். டேப்பைத் தொய்வில்லாமல் பிடிக்கத் தெரிந்த ஒரே இன்ஜினியர் அவள்தான்.

"இந்த ஒரு அடியில என்னம்மா இருக்கு?" என்றேன்.

"ஒரே சேதிய ரெண்டு பேர் வந்து சொல்றாங்கய்யா. ஒருத்தர் நேரா வந்து சொல்றாரு. இன்னொருத்தர் மேஜையில முட்டிக்கிட்டு, ஒரு இம்மி லேட்டா வந்து அதையே சொல்றாரு. ரெண்டும் கலக்கறப்போ குரல்ல ஒரு பகுதி அமுங்கிப் போகுது. அமுங்குதேன்னு நான் அத இங்க தூக்கி வைக்கிறேன். வெளிய கார்ல மேஜை இல்லையே. தூக்கினது தூக்கினபடியே நிக்குது."

எனக்கு நன்றாகப் புரிந்தது. "அப்ப மேஜைதான் தப்பு பண்ணுது" என்றேன்.

"மேஜைன்னும் சொல்லலாம்" என்றாள்.

ஸ்பீக்கரைப் பின்னால் தள்ளினாள். நான் எட்டுச் செங்கல் கொண்டுவந்து, பேப்பர் சுற்றி, பக்கத்துக்கு நாலாக அடுக்கிக் கொடுத்தேன். என் பழைய செருப்பின் ரப்பரை வெட்டி ஸ்பீக்கருக்கு அடியில் கொடுத்துச் சாய்வை மாற்றினோம். ஒவ்வொரு தடவையும் கேட்டுவிட்டு, "கொஞ்சம் தேவலாம், போகலய்யா" என்பாள். பிறகு என்னை நாற்காலியில் உட்கார வைத்தாள். இருபத்து மூன்று வருடத்தில் நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அந்த ஒரு தடவைதான். "கீழ பாருங்க. என்ன தெரியுது?"

"ஸ்பீக்கர் தெரியுது."

"கண்ணுக்கு அங்க ஸ்பீக்கர் தெரிஞ்சா, காதுக்கும் அங்கேருந்து சத்தம் வருதுன்னு அர்த்தம்."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது, தம்பி. இத்தனை வருடத்தில் என் வேலையை ஒருவர் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை. அன்றிலிருந்து மூன்று தடவை துடைத்ததை நாலு தடவையாக்கினேன்.

இன்னொரு நாள், "இதுக்கு முன்னாடி மேஜைமேல என்னய்யா இருந்துச்சு?" என்று கேட்டாள். பச்சைக் கம்பளியைச் சொன்னேன், தூசியைச் சொன்னேன், நான் எடுத்துத் துவைத்ததையும் சொன்னேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். தூசி ஒத்துக்கொள்ளாத உடம்பு போலிருக்கிறது.

ஆனால் அவளுக்கும் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. வேலை செய்யும்போது ஒரு பெரிய குளியல் துண்டை நாலாக மடித்துக் கண்ணாடிமேல் போட்டுக்கொள்வாள். அவள் சாப்பிடப் போனால் நான் எடுத்துக் கொடியில் போட்டுவிடுவேன். மறுபடி போடுவாள், மறுபடி எடுப்பேன். பதினேழு தடவை. பதினெட்டாவது தடவை ஒரு வெள்ளிக்கிழமை. நான் எடுப்பதற்குள் பெரியம்மா பூவோடு உள்ளே வந்துவிட்டார்கள். துண்டைப் பார்த்தார்கள். துண்டுக்கு அடியில் யார் முகம் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். அப்படியே நின்றுவிட்டார்கள்.

"அவரு மொகத்துல துணியப் போட்டு மூடிட்டீங்களா?"

அதற்கு மூன்று வருடத்துக்கு முன்னால், ஐயாவைக் கிடத்தியிருந்த வீட்டுக் கூடத்தில் பார்த்ததை அவர்கள் மறுபடி பார்த்த மாதிரி இருந்தது. ஜெசிந்தா ஓடிவந்து துண்டை எடுத்து, "மன்னிச்சிடுங்கம்மா, எனக்குத் தோணவே இல்ல" என்றாள். கண் கலங்கியிருந்தது. சின்னவர் அன்றைக்கே உத்தரவு போட்டார், கண்ணாடிமேல் பாட்டுக் காகிதத்தைத் தவிர ஒரு பொருளும் வைக்கக் கூடாது என்று. துண்டு போயிற்று. இரண்டாவது தடவையும் பதினோரு பாட்டும் திரும்பிற்று.

"மூணாவது வாட்டி திரும்புச்சுன்னா நீ வேற எடம் பாத்துக்கம்மா" என்று சின்னவர் சொல்லிவிட்டார். சொன்னாரே தவிர அவரும் சும்மா இருக்கவில்லை. அதை நான் சொல்லியாக வேண்டும்.

முதலில் சென்னையிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்தார். அவர் அறையின் மூலை மூலையாகப் போய்க் கை தட்டினார். தட்டிவிட்டுக் கண்ணை மூடிக் கேட்பார். அறுபத்து நாலு தட்டல். சுவர், கதவு, கூரை, ஏசி பெட்டி, எல்லாவற்றையும் தட்டினார். கடைசியில், "சுவத்துலேருந்து திரும்புது" என்று நாற்பத்தெட்டு ஸ்பாஞ்சுப் பலகை ஒட்டச் சொன்னார். ஒட்டினோம். அறை முட்டை அட்டை மாதிரி ஆயிற்று. ஜெசிந்தா மெதுவாக, "சார், மேஜைக்கு..." என்றாள். "மேஜை தேக்கும்மா, தேக்கு நல்லதுதான்" என்றார் அவர். சொல்லும்போது டீ கிளாசைக் கண்ணாடிமேல் வைத்தார். வட்டமாகக் கறை. அதை எடுக்க எனக்கு மூன்று பேப்பர் ஆயிற்று.

ஒன்றும் மாறவில்லை. அடுத்து வாஸ்து பார்க்கிறவர் வந்தார். ஸ்பீக்கர் கிழக்கே பார்க்கவில்லை, அதுதான் சங்கடம் என்றார். ஸ்பீக்கரைத் திருப்பினால் இன்ஜினியர் சுவரைப் பார்த்து உட்கார வேண்டியிருக்கும் என்று ஜெசிந்தா சொன்னாள். அப்படியானால் பரிகாரம் உண்டு என்று, இரண்டு ஸ்பீக்கர்மேலும் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டினார். என் கண்ணாடியை மட்டும் ரொம்ப நேரம் ரசித்தார். "இந்த ரூம்ல இது ஒண்ணுதான் அம்சமா இருக்கு. பிம்பம் விழுற எடத்துல லட்சுமி நிப்பா" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நேருக்கு நேர் புகழ்ந்தால் என்னால் நிற்க முடியாது.

அந்த வாரம்தான் எனக்கு ஒரு சோதனை. மழை ஈரம் இறங்கி ஐயா படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. மீசைமேல் வெள்ளையாகப் பூசணம். பதறிப்போனேன். சாலை ரோட்டில் படச்சட்டக் கடைக்காரர், ஆவி காட்டி எடுக்க மூன்று நாள் ஆகும் என்றார். கண்ணாடியோடு அப்படியே தூக்கிக் கொடுக்க வேண்டும். எலுமிச்சம்பழம் கட்டிய அதே நாள்.

"நான் ஒரு பக்கம் புடிக்கிறேன்யா" என்று ஜெசிந்தா வந்தாள். மாடிப்படியில் ஓடாத குறை. "மெதுவாம்மா" என்றேன். கீழே ஆட்டோவில் ஏற்றிவிட்டு, "அவசரமே இல்லன்னு கடைக்காரர்கிட்ட சொல்லுங்கய்யா. நல்லா ஆறட்டும். ஒரு வாரம்கூட ஆகட்டும்" என்றாள். வயதானவர் படத்துக்கு அந்த மரியாதை இந்தக் காலத்தில் யார் கொடுக்கிறார்கள்?

அந்த மூன்று நாளும் அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. ஒரு நாளைக்கு ஒரு பாட்டு. மூன்று பாட்டு வெளியே போயிற்று. டீச்சர், மகனுடைய காரில் கேட்டார். கேட்டுவிட்டுப் படியேறி வந்தார், முட்டி வலியோடு. ஜெசிந்தா கன்னத்தைத் தொட்டு, "இதுதாம்மா நான்" என்றார். மூன்றுக்கு மூன்று, ஒன்றும் திரும்பவில்லை.

சின்னவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாஸ்துக்காரருக்குப் போன் போட்டார். "மூணு நாள்ல எலுமிச்சம்பழம் வேலையக் காட்டிருச்சுங்க" என்றார். நானும் அன்றைக்கு அந்தப் பழத்துக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

நான் என் வேலையில் தவறாதவன். மூன்று நாள் என்றால் மூன்று நாள்தான். கடைக்காரர் நாளைக்கு வா என்றார், நான் கடையிலேயே உட்கார்ந்து வாங்கினேன். கண்ணாடியோடு வாசலில் நின்றபோது ஜெசிந்தா என்னைப் பார்த்தாள். "அதுக்குள்ளயாய்யா?" என்றாள். முகம் வெளுத்துவிட்டது. நான் தனியாகத் தூக்கி வந்தேனே, என் இடுப்பை நினைத்துக் கவலைப்பட்டாள் என்று நினைத்தேன். "எனக்கு ஒண்ணும் ஆகலம்மா" என்று சொல்லி, பழைய இடத்திலேயே, ஒரு நூல் பிசகாமல் வைத்தேன். எட்டுப் பாட்டு பாக்கி.

எட்டும் திரும்பிற்று. வாஸ்துக்காரர் பழம் வாடிவிட்டது என்றார். பழத்தை இரண்டு தடவை மாற்றினோம்.

கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. டீச்சர், டீச்சர் மகன், சின்னவர், பெரியம்மா, ஜெசிந்தா. நான் டீ கொடுத்துக்கொண்டிருந்தேன். டீச்சர் மகன்தான் கோபப்பட்டார். டீச்சர், "அந்தப் பொண்ண ஒண்ணும் சொல்லாதடா, மூணு பாட்டு நல்லா வந்துச்சே" என்றார். சின்னவர் ஜெசிந்தா பக்கம் திரும்பினார்.

"கடைசியா கேக்கறேன். இந்த ரூம்ல என்ன கொற? எதை எடுக்கணும்னு வாயத் திறந்து சொல்லு. இன்னிக்கே எடுத்துக் கடாசிடறேன்."

நியாயமான கேள்விதானே? அந்தச் சமயத்தில் நான் கண்ணாடிமேல் விழுந்த ஒரு சொட்டு டீயைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் கண்ணாடியைப் பார்த்தாள். பெரியம்மாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் எண்ணினேன், ஐந்து மூச்சு நேரம்.

"ரூம்ல ஒரு கொறையும் இல்ல சார். எனக்குத்தான் காது பத்தல."

அன்றைக்கே போய்விட்டாள்.

எனக்கு இன்றுவரைக்கும் ஆறாத வருத்தம் அதுதான், தம்பி. பொய் சொல்லிவிட்டாள். அவள் காதா பத்தாது? நான் பிளாஸ்கில் எவ்வளவு டீ ஊற்றுகிறேன் என்று அடுத்த அறையிலிருந்தே சத்தத்தை வைத்துச் சொல்லுவாள். அரைப் பிளாஸ்கா, முழுப் பிளாஸ்கா, தப்பவே தப்பாது. அப்பேர்ப்பட்ட காது. காரணம் தெரிந்திருந்தால் சொல்லித் தொலைத்திருக்கலாமே. கேட்டாரே சின்னவர். வாயைத் திறந்து ஒரு வார்த்தை. நாற்காலி அவளுக்குத்தான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தனக்காகப் பேசத் தெரியவில்லை. போகும்போது என்னிடம் மட்டும், "நாலு தடவை குனிஞ்சு தொடைக்காதீங்கய்யா, இடுப்பு போயிடும்" என்றாள்.

ஆறாவதாகச் சென்னையிலிருந்து ஸ்ரீவத்சன் என்று ஒரு பையன் வந்தார். முப்பது வயதிருக்கும், காதில் கடுக்கன். வந்தார், உட்கார்ந்தார், ஒரு பாட்டைப் போட்டார், நிறுத்தினார். எழுந்து என் கண்ணாடியைத் தூக்கிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டார். வந்து பதினோரு நிமிடம். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெரியம்மா அப்போது பெங்களூரில் மகள் பிரசவத்துக்குப் போயிருந்தார்கள். மரியாதை தெரியாத பிள்ளை. சின்னவர் வந்து பார்த்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் கண்ணாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முகத்தில் ஒரு தெளிவு.

"அப்பா படத்த ரிசப்ஷன்ல பெருசா மாட்டிடுவோம், அம்மாவுக்கு அது போதும். அப்புறம்ணே... அம்மா சொன்னது ஞாபகம் இருக்குல்ல? கண்ணாடி இருக்கற வரைக்கும்னு. இன்னும் ரெண்டு மாசம் இருந்துட்டு நீங்களும் வீட்ல ஓய்வா இருங்க. கண்ணாடிய நீங்களே எடுத்துக்கங்க" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் பேசுகிற ஆள் இல்லையே. சிவப்பு விளக்கு வேறு எரிந்துகொண்டிருந்தது.

இதோ நோட்டு. கணக்கு எப்போதும் சரியாக இருக்க வேண்டும், பாருங்கள். பாய் காலம், பத்தொன்பது வருடம், திரும்பியது ஏழு. அதிலும் இரண்டு பாடினவர் தப்பு. பிறகு நாலு பேர், மூன்று வருடம், திரும்பியது நூற்றுப் பதின்மூன்று. ஜெசிந்தா, பதினொன்று, பதினொன்று, எட்டு, ஆக முப்பது. நடுவில் கண்ணாடி கடைக்குப் போன மூன்று நாளில் மூன்று பாட்டு, திரும்பியது இல்லை. கண்ணாடியைச் சுவரில் சாய்த்த பிறகு நான் இருந்த இரண்டு மாதத்தில் போன பாட்டு இருபத்தாறு, திரும்பியது இல்லை. எல்லாம் தேதியோடு இருக்கிறது. ஒரு எண் பிசகு கிடையாது. காரணம்தான் பிடிபடவில்லை. ஸ்பாஞ்சு ஒட்டினால் ஊறிப் பலன் கொடுக்க ஆறு மாதம் ஆகும்போலிருக்கிறது. பழத்தையும் தள்ளிவிட முடியாது.

கண்ணாடியை ஏன் பார்க்கிறீர்கள், தம்பி? கணக்கைப் பாருங்கள்.

சரி விடுங்கள். ஜெசிந்தாவுக்கு இப்போது சொந்த ஸ்டூடியோ. பெரிதில்லை, சித்தப்பாவின் பெயிண்ட் கடைக்கு மாடியில் ஒரு உள் அறை, ஒரு வெளி அறை. சர்ச் பாட்டு, விளம்பரம் செய்கிறாள். சௌந்தரவல்லி டீச்சர் அந்த எட்டுப் பாட்டையும் இவளிடமே கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். எட்டும் இந்த மாதக் கடைசிக்குள் முடிய வேண்டும். முடிந்தால் இவள் பெயர் திருச்சிவரைக்கும் நிற்கும். இல்லையென்றால் காது பத்தாதவள் என்கிற பெயர்தான் நிற்கும். கல்யாணப் பேச்சு வேறு வாசல்வரை வந்து நிற்கிறதாம். அவளே சொன்னாள். எனக்கு வேலை போன செய்தி எப்படியோ தெரிந்து, அவளே போன் செய்தாள்.

"இங்க வந்துடுங்கய்யா. வர்றவங்களப் பாக்க ஆள் வேணும். டீ, சிவப்பு லைட், நோட்டு, எல்லாம் உங்க பொறுப்பு."

"கண்ணாடிய என்னம்மா பண்றது?" என்றேன்.

"பஸ்ல ஒடஞ்சிடுமேய்யா" என்றாள். "ஒடையாது, மடியில வச்சுக் கொண்டுவருவேன்" என்றேன். பிறகு, "சரி, கொண்டு வாங்க. வெளி ரூம்ல ஒரு மேஜை இருக்கு, அதுல போட்டுக்கலாம். அது உங்க மேஜை" என்றாள். பிறகு, "அந்தப் பச்சைக் கம்பளி இன்னும் இருக்காய்யா? இருந்தா அதையும் எடுத்துட்டு வாங்களேன்" என்றாள்.

சின்ன வயதிலேயே என்ன அடக்கம் பாருங்கள். நல்ல பொருளை வெளி அறைக்குக் கொடுத்துவிட்டு, தூசித் துணியைத் தனக்குக் கேட்கிறாள். நான் விடுவேனா? சித்தப்பாவுக்குத் தனியாகப் போன் போட்டு உள் அறை மேஜையை அளக்கச் சொன்னேன். நான்கடிக்கு இரண்டடி. அச்சு அசல். இதற்குமேல் தெய்வம் எப்படிச் சொல்லும்?

கடைசியாக ஒன்று சொன்னாள். "என் காது இப்ப சரியாயிடுச்சுய்யா" என்றாள். அதைக் கேட்டதும்தான் எனக்கு நிம்மதி. காது சரியாகிவிட்டது, மேஜையும் அளவு. இனி ஒரு குறையும் வராது. அவள் காலையில் வந்து பார்க்கும்போது இரண்டு ஸ்பீக்கரும் பளிச்சென்று உள்ளே தெரிய வேண்டும்.

அதோ, பஸ் ஸ்டாண்டு வந்துவிட்டது. நீங்களும் இறங்குகிறீர்கள்தானே, ஒரு கை கொடுங்கள். அந்தப் பக்கத்து ஓரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். மெதுவாக. அங்கே இல்லை, தம்பி. சாக்குக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதே, அந்தப் பச்சைத் துணி வெறும் சுற்றுத்துணி, கையோடு வந்துவிடும். அதை விட்டுவிடுங்கள். கண்ணாடியைப் பிடியுங்கள்.